லாரி முற்றத்துக் குழிகள்

தார் வாசம் பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ரோடு போடுகிற இடத்தில் ஒரு நிமிஷம் நின்று, மூக்கை விரித்து இழுத்துவிட்டுப் போவார்கள். அவர்களில் ஒருவரும் தார் பிடித்த கையால் சோறு பிசைந்து தின்றவர்கள் இல்லை. நான் தின்றிருக்கிறேன். சீமெண்ணெய் போட்டுத் தேய்த்தால் தார் போகும், ஆனால் சீமெண்ணெய் போகாது. தேங்காயெண்ணெய் போட்டால் இரண்டும் போகும். தலைக்கே எண்ணெய் இல்லாத வீட்டில் கைக்கு யார் ஊற்றுவது? அந்த மழைக்காலம் முழுவதும் நான் தின்ற சோறு, ரசம், கருவாடு எல்லாம் சீமெண்ணெய்தான் மணத்தது.

சின்னக்கானலுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். அதன் ஃபாக்டரிக்கு முன்னால் லாரிகள் நிற்கிற முற்றம் ஒன்று உண்டு. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கீழே இறங்குகிற லாரிகளும், அரிசியும் விறகும் ஏற்றிக்கொண்டு மேலே வருகிற லாரிகளும் அங்கேதான் நிற்கும், அங்கேதான் திரும்பும், அங்கேதான் எண்ணெய் ஒழுக்கும். எந்தக் காலத்திலோ அந்த முற்றத்துக்குத் தார் போட்டிருந்தார்கள். நான் பார்க்கும்போது தார் இருந்த இடத்தைவிடக் குழி இருந்த இடம்தான் அதிகம். திருவிதாங்கூர்-கொச்சியும் மலபாரும் சேர்ந்து கேரளம் ஆன மறு வருஷத்து மழை அது. ராஜ்யம் மாறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் குழிகளில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

அந்தக் குழித் தண்ணீரைப் பற்றி நாசூக்காக எழுத எனக்குத் தெரியாது. லாரி எண்ணெய், சிந்திய தேயிலைத் தூள், டிரைவர்களும் கிளீனர்களும் சக்கரத்தோரம் நின்று செய்த அசிங்கம், எல்லாம் சேர்ந்து ஒரு பழுப்புக் குழம்பு. அதன்மேல் தவளை செத்து வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். அதற்குள் முழங்கால்வரை இறங்கி வாளியால் மொண்டு வெளியே ஊற்றுவதுதான் என் வேலை. ஊற்றிய தண்ணீர் சரிவில் ஓடி அடுத்த குழிக்குப் போகும். அதையும் நானே மொள்ளுவேன்.

நான் ஆசைப்பட்டு அந்த வேலைக்கு வரவில்லை. கொழுந்து கிள்ளிக்கொண்டு இருந்தவள் நான். வீட்டுக்காரருக்கு நெஞ்சுச் சளி முற்றிப்போய், போடி ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு மாதம் கூடவே கிடந்தேன். அவரை அங்கேயே எரித்துவிட்டு, மூன்று வயசு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையேறி வந்தால், பதிவேட்டில் அவர் பெயரோடு என் பெயரையும் அடித்துவிட்டிருந்தார்கள். செத்தவருக்கு அடித்தது சரி. உயிரோடு இருக்கிறவளுக்கு ஏன் அடித்தீர்கள் என்று ஆபீஸ் கிளார்க்கிடம் கேட்டேன். அவர் மலையாளி. நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "ரெண்டு மாசம் வந்நில்லல்லோ. பேரு வெட்டியாச்சு" என்றார்.

எஸ்டேட்டில் பெயர் இருந்தால்தான் லயத்தில் இடம். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ஒற்றை அறைகள். அறைக்குக் காம்பரா என்று பெயர். என் காம்பரா ஒழுகும், அடுப்புப் புகை வெளியே போகாது, சுவரில் கை வைத்தால் சுண்ணாம்பு கையோடு வரும். ஆனால் அது போய்விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது. போடியில் அண்ணன் இருந்தான், அவனுக்கு வீடும் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் யார் இருக்கலாம் என்று சொல்கிற வாய் மதினியிடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதத்தில் அந்த வாயை நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் மேலே வந்திருந்தேன்.

ரோட்டு வேலைக்கு ஒரு கங்காணி இருந்தார். நல்ல சிவப்பு, எப்போதும் வெள்ளை வேட்டி, கையில் குடை. மழை இல்லாவிட்டாலும் குடை. குழிக்குப் பக்கத்தில் வந்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடை நுனியை உள்ளே விட்டு ஆழம் பார்ப்பார். பிறகு அந்த நுனியை எங்கள் யாராவது ஒருத்தியின் முந்தானையில் துடைப்பார். அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு வாய் கசக்கிறது.

அவர்தான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "இந்தா புள்ள, பெரிய தொரை வர்றாரு. அவரு வர்றதுக்குள்ள இந்த முத்தத்தைச் சரி பண்ணிப்புடணும். நல்லபடியா முடிஞ்சுச்சுன்னா ஒம் பேரைத் திரும்ப ஏத்தச் சொல்லுறேன். முடியலைன்னா காம்பராவைக் காலி பண்ணிக் குடுத்துரு. ஆளுக காத்துக் கெடக்குது."

ஆட்கள் காத்துக் கிடந்தது உண்மைதான். உத்தமபாளையம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பானை சட்டி, இரண்டு கோழி, ஒரு உரல் சகிதம் வந்து எங்கள் லயத்துக் கடைசியில் சாக்குக் கட்டி உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டுக்காரி தினமும் என் வாசலுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்ப்பாள். ஒருநாள் கேட்டே விட்டாள்: "அக்கா, இந்த அடுப்பு இப்பிடித்தான் புகையுமா, இல்ல நீங்க பச்சை வெறகு வைக்கிறீகளா?" நான் இன்னும் உள்ளே உட்கார்ந்து சோறு பொங்கிக்கொண்டிருக்கிறேன், அவள் அடுப்பை விசாரிக்கிறாள். விளக்குமாறைக் கையில் எடுத்தேன். அவள் கோழியைத் துரத்துவதுபோல் பாவனை செய்துகொண்டு போய்விட்டாள்.

எங்கள் கூட்டத்தில் ஆறு பெண்கள், இரண்டு ஆண்கள். அதற்கு மேல் ஒரு தார்க்காரர். பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கத்து ஆள். அங்கே சர்க்கார் ரோட்டில் தார் காய்ச்சியவர் என்று எஸ்டேட்டில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஐம்பது வயசு இருக்கும். அந்த ஆளைக் கண்டாலே எனக்குக் குமட்டும். வாய் நிறைய வெற்றிலை. துப்புவதற்கு இடம் பொருள் ஏவல் கிடையாது. நான் இறங்கி நிற்கிற குழிக்குள்ளேயே துப்புவார். கேட்டால், "அட, இருக்கற அழுக்குல இது என்னுங்க அம்மணி பெரிசா" என்பார். காலில் சுற்றிய சாக்கை அவர் அவிழ்த்து நான் பார்த்ததில்லை. அது அவர் தோலாகவே ஆகிவிட்டிருந்தது.

அதோடு பெருமை வேறு. "எங்கூர்ப் பக்கம் நாங்க போட்ட ரோட்டுல எலை போட்டுச் சோறு திங்கலாமுங்க." எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. குழியை அப்படியே மூடக் கூடாது. சுற்றிலும் செத்துப்போன தாரைக் கொத்தி எடுத்து, பெட்டி மாதிரி ஓரத்தை நேராக வெட்ட வேண்டும். உள்ளே ஈரம் சொட்டு இருக்கக் கூடாது. தென்னந்துடைப்பத்தால் கூட்டி, கொதிக்கிற தாரை மெல்லிசாகத் தெளித்து, பெரிய ஜல்லி போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து, மறுபடி தார், பொடி ஜல்லி, மறுபடி இடி, கடைசியில் மணல். "ஈரத்து மேல தார் ஊத்துனா அது தாரில்லீங்க, துணி போட்டு மூடுன மாதிரி" என்பார். இதை அவர் தினமும் சொன்னார். குழிக்கு ஒரு தரம் சொன்னார்.

முதலில் நாலு நாள் வெயில் அடித்தது. அவர் சொன்னபடி பத்துக் குழி மூடினோம். வெட்டி, காயவைத்து, இடித்து, சுத்தமாக. அந்தப் பத்தும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஐந்தாம் நாள் மழை பிடித்தது. அந்த மலையில் ஆடி மழை பிடித்தால் விடுகிற மழை இல்லை. படுக்கையில் பெய்யும், உலையில் பெய்யும், காதுக்குள் பெய்யும். மீதி இருபது குழியும் நிரம்பிவிட்டன.

தார்ப்பாய் கட்டிப் பார்த்தோம். காற்று அதைப் பிடுங்கித் தேயிலைச் செடிமேல் போட்டது. குழிக்குள் கரி போட்டு நெருப்பு வைத்தோம். ஃபாக்டரி அடுப்பிலிருந்து சுடுசாம்பல் வாரிக் கொட்டினோம். தண்ணீர் மேலேயிருந்து மட்டும் வரவில்லை, கீழேயிருந்தும் ஊறியது. அந்த முற்றமே ஓர் ஊற்றின்மேல் உட்கார்ந்திருந்தது. சாம்பலும் சேறும் சேர்ந்து பேதிக்காரன் குடல் மாதிரி ஆகிவிட்டது. அதையும் நாங்களே அள்ளினோம். அட்டை கடித்த காலில் சாம்பல் பட்டு எரிய, தலையில் கொங்காணியாக மடித்துப் போட்ட சாக்கோடு, எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் வைதுகொண்டே அள்ளினோம்.

இதற்கிடையில் எஸ்டேட் முழுவதும் பெரிய தொரைக்காக, அதாவது எங்கள் எஸ்டேட் தொரைக்கும் மேலே இருக்கிற கம்பெனி அதிகாரிக்காக, தயாராகிக்கொண்டிருந்தது. அது ஒரு வழக்கம். அவர் கார் வருகிற பாதையில் இருக்கிற கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். லயங்களில் அவர் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்துச் சுவருக்கு மட்டும் வெள்ளை அடிப்பார்கள். இருமுகிறவர்களை அன்றைக்கு வெளியே விடமாட்டார்கள். நாய்களைக் கட்டிப்போடுவார்கள். என் வீட்டுக்காரர் இருமத் தொடங்கிய வருஷம் அவரையும் அப்படித்தான் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினோம். நான்தான் சாத்தினேன்.

புதன்கிழமை கங்காணி வந்தார். வெள்ளிக்கிழமை தொரை வருகிறார். இருபது குழியும் அப்படியே கிடக்கிறது. குடை நுனியை விட்டு ஆழம் பார்த்தார். "வெள்ளிக்கெழமை காலையில இந்த முத்தம் கருப்பா இருக்கணும். எப்பிடின்னு எங்கிட்டக் கேக்காதீக" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒனக்குச் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்த்தா" என்றார். குரலில் தேன் ஒழுகியது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, என் மூளையிலேயே உதித்தது. ஃபாக்டரியில் தேயிலை சலிக்கும்போது அதிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு பஞ்சு பறக்கும். மூக்கிலும் கண்ணிமையிலும் அப்பிக்கொள்ளும். தேயிலையோடு அதை விற்க முடியாது என்று கூட்டி மூட்டை கட்டிப் பின்னறையில் போட்டு வைப்பார்கள். கொழுந்து குறைந்த மாதங்களில் நான் உள்ளே கூட்டிப் பெருக்கப் போயிருக்கிறேன். மெஷினுக்கு அடியில் எண்ணெயோ தண்ணீரோ சிந்தினால் ஒரு கை பஞ்சை அள்ளிப் போடுவோம். ஒரு நிமிஷத்தில் எல்லாவற்றையும் குடித்துவிடும், தரை துடைத்தாற்போல் ஆகிவிடும். எங்களுக்குத் தெரிந்து ஈரத்துக்கு அதைவிட மருந்து கிடையாது.

"தேயிலைப் பஞ்சைப் போட்டு அமுக்குனா என்ன?" என்றேன்.

கங்காணி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குடையால் தரையைத் தட்டி, "அட, படிச்ச புள்ளைன்னா படிச்ச புள்ளைதான்யா!" என்றார். நான் போடியில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். அதை யாராவது பாராட்ட மாட்டார்களா என்று இருந்தேனோ என்னவோ, முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தை இப்போது பார்த்தால் அறைந்துவிடுவேன்.

பின்னறைச் சாவி ஃபாக்டரி ஆட்களிடம் இருந்தது. கங்காணி எதையோ சொல்லி அதை வாங்கினார். மத்தியானத்துக்குள் மூட்டை மூட்டையாகப் பஞ்சு வந்து இறங்கியது. தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு, பஞ்சை அள்ளிப் போட்டுக் காலால் மிதித்தோம். அது சர்ரென்று உறிஞ்சியது. மேலே இன்னும் ஒரு பாகம் காய்ந்த பஞ்சு போட்டு மிதித்தால் குழியின் அடி ரொட்டி மாதிரி காய்ந்து தெரிந்தது. கூட இருந்த பெண்கள் எல்லாரும் என்னை மெச்சினார்கள். ஒருத்தி, "இவ மட்டும் ஆம்பிளையாப் பொறந்திருந்தா டீமேக்கரா இருப்பா" என்றாள். டீமேக்கர் என்றால் ஃபாக்டரிக்கே பெரியவர்.

தார்க்காரர் மட்டும் அடுப்பை விட்டு வரவில்லை. தார் வாளியை எடுக்க நான் அடுப்பண்டை போனபோது, மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, இது வேண்டாமுங்க. தேயிலை தண்ணி குடிச்சா ஊறுமுங்க. உங்க ஊட்டுல டீ போட்டதில்லீங்களா? மேல தார் ஊத்தி மூடீட்டாலும் கீழ ஊத்து இருக்குதல்லொ. அது ஊறி ஊறிப் பொம்முனு தூக்கீருமுங்க. மூணு நாள் தாங்காது."

அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. நன்றாகப் புரிந்தது. "வெள்ளிக்கெழமை வரைக்கும் நின்னாப் போதும்" என்றேன். "பெரியவரே, நீங்க வாயத் தெறக்காதீக. கங்காணி காதுல விழுந்தா வேலையை நிப்பாட்டிருவாரு. எனக்குக் காம்பரா போயிரும். பச்சைப் புள்ளையை வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்?"

அவர் திரும்பித் தாரைக் கிளறிவிட்டார். அது கொப்புளம் கொப்புளமாக வெடித்துக்கொண்டிருந்தது. "செரிங்க" என்றார். போய்த் திமிசுக் கட்டையை எடுத்தார்.

அதற்காக எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. குழிக்குக் குழி முறை சொன்ன மனுஷன், எலை போட்டுச் சோறு திங்கலாம் என்று மார் தட்டிய மனுஷன், ஒரு பொம்பளை கண்ணைக் கசக்கியதும் செரிங்க என்று போய்விட்டாரே, இவ்வளவுதானா இந்த ஆள் என்று இளப்பமாகத்தான் இருந்தது. தெரியாமல் தப்பு செய்கிறவர்களை மன்னிக்கலாம், தெரிந்து செய்கிறவரை என்ன சொல்வது என்றெல்லாம் மனசுக்குள் அவரைத் திட்டினேன். நானும் தெரிந்துதான் செய்கிறேன் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை முற்றம் கருகருவென்று இருந்தது. மழைகூட இரண்டு மணி நேரம் ஒதுங்கி நின்றது. பெரிய தொரையின் கார் வந்து, முந்தின நாள் நாங்கள் மூடிய மூன்று குழிகளுக்கு மேலேயே நின்றது. அவர் இறங்கினார். கைத்தடியால் இரண்டு இடத்தில் தட்டினார். தட்டிய இடம் இரண்டும் முதலில் முறைப்படி மூடிய குழி. அதிர்ஷ்டம் என்றால் இதுதான். எங்கள் எஸ்டேட் தொரையிடம் ஏதோ சொன்னார், இரண்டு பேரும் தலையாட்டினார்கள். கங்காணி குனிந்த குனிப்பில் குடை கீழே விழுந்தது. நாங்கள் எட்டுப் பேரும் ஃபாக்டரிச் சுவருக்குப் பின்னால் நிறுத்தப்பட்டிருந்தோம். தார் அப்பிய மூஞ்சிகள் அவர் கண்ணில் படக் கூடாதாம்.

மத்தியானமே கிளார்க் பதிவேட்டில் என் பெயரைத் திரும்ப எழுதினார். எழுதியதைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். சாயங்காலம் நான் லயத்துக்குப் போனபோது அந்த உத்தமபாளையத்துக் குடும்பம் உரலைக் கட்டிக்கொண்டிருந்தது. வேறு எஸ்டேட்டுக்குப் போகிறார்களாம். அந்த வீட்டுக்காரி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. இரண்டு பிள்ளை இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். உள்ளே போய் மகளுக்கு வெல்லம் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். இனி யாரும் நம்மை இங்கிருந்து கிளப்ப முடியாது என்று அவளிடம் சொன்னேன். அவள் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குழிகள் உப்பத் தொடங்கின. பத்துக் குழி படுத்தபடி இருந்தது. இருபது குழி பணியாரம் மாதிரி எழும்பி நின்றது. திங்கட்கிழமை அவற்றின் உச்சி வெடித்து, பழுப்பாக, கொழகொழவென்று பஞ்சு வெளியே பிதுங்கியது. புண் பழுத்து உடைந்தால் வருமே, அப்படி. அதோடு ஒரு வாசம். தாரும் சீமெண்ணெயும் கலந்து போட்ட டீயின் வாசம். ஃபாக்டரி ஆட்கள் கூட்டமாக வந்து பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன், "சீனி மட்டும் போட்டா தொரைக்குக் குடுத்துறலாம்" என்றான்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பெட்டி ஏற்றிய லாரி ஒன்று கிளம்பியது. பின்சக்கரம் பெரிய குழியின் மேல் ஏறியது, ஏறியபடியே அச்சுவரைக்கும் உள்ளே போய்விட்டது. லாரி சாய்ந்தது. கயிறு அறுந்து, சீமைக்குப் போக வேண்டிய தேயிலைப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேற்றில் இறங்கின. யாருக்கும் அடியில்லை. டிரைவர் மட்டும் இறங்கி நின்று, தார் போட்டவர்கள் குலத்தையே இழுத்து வைதான். ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

எங்கள் தொரை வந்து குழிக்குள் கையை விட்டுப் பஞ்சை அள்ளிப் பார்த்தார். அவருக்கு லாரி பெரிதாகப் படவில்லை, பெட்டிகூடப் பெரிதாகப் படவில்லை. பின்னறையில் பூட்டி வைத்திருந்த கம்பெனிச் சரக்கு வெளியே எப்படி வந்தது என்பதுதான் பெரிதாகப் பட்டது. தேயிலை ஃபாக்டரியில் தூசிக்கும் காவல் உண்டு. ஒரு மூட்டைப் பஞ்சு வெளியே போனாலும் அது திருட்டு. யோசனை சொன்ன நேரத்தில் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. குப்பைதானே என்று நினைத்தோம்.

"யார் செஞ்சது?" என்று தொரை கேட்டார்.

கங்காணி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சாவி வாங்கியது அவர், யோசனை என்னுடையது. என்னைச் சொன்னால் நான் அவரைச் சொல்லிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். அந்த ஒரு நொடியில் நாங்கள் இரண்டு பேரும் பேசாமலே பேசி முடித்தோம். எனக்கும் அந்த ஆளுக்கும் ஒரே புத்தி என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். அவர் திரும்பி, "பாலக்காட்டு ஆளுதாங்க தொரை. தார் வேலை பூராவும் அவன் பொறுப்பு" என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஃபாக்டரி வராந்தாவில் விசாரணை. கிளார்க் ஒரு காகிதம் எழுதி வைத்திருந்தார். தார்க்காரர் யாரையும் கேட்காமல் பின்னறையிலிருந்து பஞ்சை எடுத்துக் குழிகளில் போட்டார், நாங்கள் கண்ணால் கண்டோம் என்று அதில் இருந்தது. வாசித்துக் காட்டினார்கள். தொரை தார்க்காரரைப் பார்த்து, "நீ போட்டாயா?" என்று கேட்டார்.

"தார் ஊத்துனது நாந்தானுங்க தொரெ" என்றார் அவர். அதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த வார்த்தை வரும், அம்மணிதான் சொன்னாங்க என்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அன்று அவர் வாயில் வெற்றிலை இல்லை. வெறும் வாயோடு அவரை நான் பார்த்தது அது ஒரு தடவைதான். கன்னம் ஒட்டிப்போய், சாதாரண ஒரு வயசாளி மாதிரி இருந்தார்.

மற்ற ஏழு பேரும் கைநாட்டு வைத்தார்கள். கடைசியாக நான் போனேன். கிளார்க் மசித் தட்டை நகர்த்தினார். "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்" என்றேன். "அப்போ இவிடெ ஒப்பு இடு" என்று பேனாவைக் கொடுத்தார். கையெழுத்துக்கு அந்தப் பக்கம் ஒப்பு என்றுதான் பேர். என் பெயரை முழுசாக, ஒரு எழுத்தும் கோணாமல் எழுதினேன். கை நடுங்கியிருந்தால் இன்றைக்கு எழுதும்போது சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். அது நடுங்கவில்லை.

அவரை அன்றைக்கே மலையிறங்கச் சொல்லிவிட்டார்கள். திருட்டுப் பேரோடு போகிறவரை அந்த வட்டாரத்தில் இன்னொரு எஸ்டேட்காரன் உள்ளே விடமாட்டான். மத்தியானம் நாங்கள் குழிகளுக்குள் இறங்கி ஊறிய பஞ்சைக் கையால் வாரிக்கொண்டிருந்தோம். அது விரலுக்கிடையில் வழவழவென்று வழுக்கியது. எனக்கு இரண்டு முறை வாந்தி வந்தது. போடிக்குப் போகிற லாரி கிளம்பத் தயாராக நின்றது. தார்க்காரர் ஒரு தகரப் பெட்டியோடு அதை நோக்கி வந்தவர், என் குழிக்குப் பக்கத்தில் நின்றார். நான் தலையைத் தூக்கவில்லை. சாக்கு சுற்றிய அவர் கால்கள்தான் தெரிந்தன.

"ஏனுங்க அம்மணி, ஊடு நின்னுதுங்களா?"

கேலி செய்கிறார் என்று நினைத்து நிமிர்ந்தேன். கேலி இல்லை. உடம்பு முடியாத பிள்ளையைப் பற்றிக் கேட்கிற மாதிரி, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நின்னுருச்சு" என்றேன்.

"செரிங்க. அது போதுமுங்க" என்றார். போய் லாரியில் ஏறினார்.

சாயங்காலம் கையைக் கழுவிவிட்டு, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போனேன். கதவைத் திறந்தேன். அவள் உள்ளே ஓடினாள். என்னால் நிலைப்படியைத் தாண்ட முடியவில்லை. வெளியிலேயே மழையில் நின்றேன். என் பெயரில் இருக்கிற வீடு, எனக்கு உள்ளே போகக் கூசியது. "வாம்மா, நனையிற" என்று மகள் கூப்பிட்டாள். இரண்டாம் தரமும் கூப்பிட்டாள். போனேன். வேறு எங்கே போவது?